பூர்ணிமா போன ஊர்

பூர்ணிமா கிளம்பிப் போன அன்று அந்த வீட்டில் அழாத ஒரே ஆள் சுலோசனாதான். அதை எல்லோரும் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். "அண்ணி கூட இருக்கறதால எங்கம்மா தேறிடும்" என்று பூர்ணிமாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சுலோசனா சிரித்துத் தலையாட்டினாள். கார் முதலியார்பேட்டைத் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் உள்ளே வந்து, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். அது பிரிவுத் துயரம் இல்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பூர்ணிமா அவளுடைய நாத்தனார், கணவன் செம்மலின் தங்கை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு. மடகாஸ்கரில் அன்சிராபே என்றொரு மலையூரில் தாய்மார்களுக்கும் கைக்குழந்தைகளுக்குமாக ஒரு சிறிய சுகாதார நிலையம் இருக்கிறது. ஒரு சேவை அமைப்பின் மூலம் அங்கே ஒரு வருடம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கப் போனாள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பிரெஞ்சு பேசத் தெரிந்த நர்சு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பிரெஞ்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது சுலோசனா. சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே வினைச்சொற்களை ஒப்பிக்க வைத்து, தப்பாகச் சொன்னால் தலையில் குட்டி, முழுசாக இரண்டு வருடம்.

சுலோசனா உழவர்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. வயது நாற்பத்தொன்று. பதினோராம் வகுப்பு படிக்கும் கவிநிலாவுக்கு அம்மா. வாழ்நாள் முழுக்க பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் புதுச்சேரியைத் தாண்டி அந்த மொழியை ஒருநாளும் பேசிப் பார்க்காதவள். பேசிப் பார்க்க ஒரு வாய்ப்பு வரத்தான் செய்தது. கல்லூரி முடித்த கையோடு பிரான்சில் ஒரு பள்ளியில் ஏழு மாதம் உதவி ஆசிரியையாக இருக்க அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விசாவும் கைக்கு வந்துவிட்டது. அதற்குள் செம்மலோடு நிச்சயமாகியிருந்தது. போய்விட்டு வந்து கட்டிக்கொள்கிறேன் என்று அப்பாவை விட்டுக் கேட்டாள். "பொம்பளப் புள்ள தனியா அவ்ளோ தூரம் எதுக்கு? இங்க இல்லாத வேலையா?" என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வந்தது. அப்படிச் சொன்னது செம்மல்தான். அவளுடைய அப்பா, வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்த மனிதர். நல்ல சம்பந்தம் கைநழுவிப் போய்விடும் என்று பயந்தார். தை மாதம் கல்யாணம் முடிந்தது.

அதே செம்மல், தங்கை மடகாஸ்கர் போகிறாள் என்றதும் காந்தி வீதிக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கிப் பெரிய பெட்டி வாங்கிவந்தான். தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் தானே வலியப் போய்ச் சொன்னான். "எங்க பாப்பா சர்வீஸ் பண்ண ஃபாரின் போவுது." சுலோசனா அந்தப் பெட்டியைத் துடைத்து, துணிகளை அடுக்கிக்கொடுத்தாள். அடுக்கிய ஒவ்வொரு துணியும் அவள் கண்ணை உறுத்தியது.

போன நாளிலிருந்து போட்டோக்கள் வந்தபடி இருந்தன. பூர்ணிமா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கு சிவக்க, பனிமூட்டத்தில் நிற்கிறாள். ஆள் இழுக்கும் வண்ண வண்டியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். 'அண்ணி, அந்தக் காலத்துல நம்ம ஊர்ல இருந்த மாதிரியே இங்கயும் இதுக்குப் பேரு புஸ்புஸ்தான்' என்று எழுதியிருந்தாள். மாமியார் ஆயம்மா போனைக் கண்ணருகே வைத்து ஒவ்வொன்றையும் முத்தமிடாத குறையாகப் பார்ப்பாள். "என் பொண்ணு எப்படி வெளுத்துட்டா பாரு சுலோ." "ஆமா அத்த" என்பாள் சுலோசனா. பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அதே போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். பின்னால் தெரியும் கடைப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது, அங்கே நிற்கும் ஒரு அம்மாள் கையில் இருப்பது என்ன ரொட்டி, எல்லாவற்றையும் பார்ப்பாள்.

ஒருநாள் வீடியோ அழைப்பில் சுலோசனா ஏதோ பிரெஞ்சில் சொல்ல, பூர்ணிமா சிரித்துவிட்டாள். "அண்ணி, அப்படி யாரும் சொல்றதில்ல. அது புஸ்தகத்துல இருக்கறது." விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்றைக்குச் சுலோசனா வகுப்பில் பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

செப்டம்பர் கடைசியில் அந்த நாட்டில் கலவரம் வெடித்தது. தண்ணீர் வரவில்லை, கரண்ட் வரவில்லை என்று படிக்கிற பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். தலைநகரில் கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு, கடைகள் சூறை. ஊரடங்கு. அன்சிராபேயிலும் ஊர்வலம் போனது, டயர்கள் எரிந்தன.

"கரண்ட் இல்லன்னா ஒரு நாட்டையே கவுக்கறானுங்க?" என்று செம்மல் வாயைப் பிளந்தான். அவனுக்கு மின்துறையில் வேலை. அதற்கு மேல் அவனுக்கு வேடிக்கை வரவில்லை. டிவிக்கு முன்னால் நின்றவன் நின்றபடியே இருந்தான். ஆயம்மா சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். தெருப் பெண்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். பால்காரர் கேட்டார், பூக்காரம்மா கேட்டாள், பள்ளியில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பிக் கேட்டார். எல்லோருக்கும் சுலோசனாதான் பதில் சொன்னாள். பிரெஞ்சுச் செய்திகளைப் படித்துச் சொல்ல அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பூர்ணிமாவுக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாது என்று அவள் மணக்குள விநாயகருக்கு வேண்டிக்கொண்டது உண்மை. மனசார வேண்டிக்கொண்டாள். ஆனால் அந்த வேண்டுதலுக்கு அடியிலேயே இன்னொன்றும் புழுங்கியது. ஒரு நாடு புரண்டு எழும் இடத்தில் அவள் நிற்கிறாள், நான் அதை மொழிபெயர்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் பயப்படுவதுகூட அவளுக்காகத்தான். வகுப்பில் ஒரு மாணவி, "மிஸ், நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா? இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்று கேட்டாள். "பாடத்தை எடு" என்றாள் சுலோசனா.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பூர்ணிமா போனில் அவளிடம் மட்டும் தனியாகப் பேசினாள். பின்னால் குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணி, மத்த வாலண்டியருங்கள்லாம் கிளம்பறாங்க. எங்க மதாம் உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. வீட்டுல வேணாம்னு சொன்னா அவங்க என்னை வச்சுக்க மாட்டாங்க. நான் இருக்கணும் அண்ணி. ரோட்டுல வண்டி இல்ல, பொம்பளைங்க வலியோட நடந்தே வராங்க. ரெண்டே நர்சுதான் இருக்கோம். அம்மாவும் அண்ணனும் ஒத்துக்க மாட்டாங்க. நீங்க சொன்னா மதாம் கேப்பாங்க. உங்கள நம்பித்தான் நம்பர் குடுத்துருக்கேன்."

"பத்திரமா இருப்பியா?"

"இருப்பேன். இங்க எங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஜனங்களே பாத்துக்கறாங்க."

அவள் குரலில் பயமே இல்லை. களைப்பு இருந்தது, அதற்கு மேலே ஒரு நிறைவு. அந்த நிறைவுதான் சுலோசனாவைச் சுட்டது.

மதாம் வோலா அன்று சாயங்காலமே கூப்பிட்டார். அந்தச் சுகாதார நிலையத்தை நடத்துபவர். செம்மல் ஸ்பீக்கரில் போடச் சொன்னான். ஆயம்மா எழுந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இருவரும் சுலோசனாவின் வாயையே பார்த்தார்கள்.

மதாம் நிதானமாகப் பேசினார். நாளைக் காலை விமான நிலையத்துக்கு ஒரு வேன் போகிறது. பூர்ணிமா இருக்க விரும்புகிறாள். அவள் இருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. உங்களைத்தான் கேட்கச் சொன்னாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

"என்னா சொல்றாங்க?" என்றான் செம்மல். "அனுப்பிடச் சொல்லு. உடனே அனுப்பச் சொல்லு."

அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். வீட்டார் சொன்னதைச் சொன்னேன் என்று ஆகியிருக்கும். ஆனால் அது போதாது, மதாம் மறுபடி பூர்ணிமாவிடம் பேசுவார், பூர்ணிமா அழுது அண்ணனிடம் சாதித்துவிடுவாள் என்று சுலோசனாவுக்குப் பட்டது. பிழையே இல்லாத பிரெஞ்சில் சொன்னாள். "அவளுடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். மகளைக் கேட்கிறார்கள். தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்."

மறுமுனையில் மதாம் ஐயோ என்றார். ஆயம்மா சுவரோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"என்னா சொன்ன? இவ்ளோ நேரம் பேசினியே" என்றான் செம்மல்.

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன். நாளைக்கு அனுப்பிடுவாங்க."

இரண்டு விமானம் மாறி, சென்னையில் இறங்கி, டாக்சி பிடித்துப் பூர்ணிமா வந்து சேர்ந்தபோது முகம் வீங்கியிருந்தது. வீட்டுக்குப் பேச லைன் கிடைக்காமல் வழியெல்லாம் அழுதிருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தவள், சமையல்கட்டில் மகளுக்காக வடை தட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அம்மா! உனக்கு நெஞ்சு…"

"என் நெஞ்சுக்கு என்னாடி?" என்று ஆயம்மா மாவுக் கையோடு கட்டிக்கொண்டாள்.

பூர்ணிமா அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அங்கே சுலோசனா எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் கரண்டியோடு நின்றாள். ஒரு கணம்தான். பூர்ணிமாவுக்கு விளங்கிவிட்டது.

"ஒண்ணுமில்லம்மா. அங்க லைன் சரியில்ல. ஏதோ தப்பா காதுல விழுந்துடுச்சு" என்றாள்.

காட்டிக்கொடுத்திருந்தால் சுலோசனாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். கத்தியிருக்கலாம், திட்டியிருக்கலாம். இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்ததே என்று நினைத்தபடி சட்டியில் கரிந்துகொண்டிருந்த வடையைத் திருப்பிப் போட்டாள்.

அடுத்த நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தெரு மன்றத்து இளைஞர்கள் சால்வை போர்த்தினார்கள். கலவரத்துக்கு நடுவில் சேவை செய்த நம் ஊர்ப் பெண் என்று பேனர் வைத்தார்கள். பாதியில் திரும்பி வந்தால் பூர்ணிமா கொஞ்சம் சிறுத்துப் போவாள் என்று சுலோசனா உள்ளூர எதிர்பார்த்திருந்தாள். அவள் பெருத்துத்தான் போனாள்.

இரண்டு நாள் கழித்து மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுலோசனாவின் முன்னால் பூர்ணிமா வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி?"

சுலோசனா கிளிப்பை மாட்டிக்கொண்டே இருந்தாள். பயமாக இருந்தது என்று சொல்லலாம். அத்தை சாப்பிடவில்லை என்று சொல்லலாம். இரண்டும் நம்பும்படியாகவே இருக்கும்.

"பொறாமதான் பூர்ணி. வேற ஒண்ணும் இல்ல."

"என்மேலயா?"

"உன்மேலதான். உங்கண்ணன் உனக்குப் பெட்டி வாங்கியாந்த அன்னிலேருந்து." பிரான்சு விசாவைப் பற்றியும், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பதிலைப் பற்றியும் அப்போதுதான் முதல்முறையாக அவளிடம் சொன்னாள். கல்யாணத்தின்போது பூர்ணிமா பாவாடை சட்டை போட்ட சின்னப் பெண். அவளுக்கு எதுவும் தெரியாது.

பூர்ணிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ப்ளேன்ல எங்கம்மா செத்துட்டாங்கன்னே நெனச்சு வந்தேன் அண்ணி. அது தெரியுமா உங்களுக்கு? உங்கள போக விடலன்னா அதுக்கு நீங்க அண்ணன்கிட்ட சண்ட போட்டுருக்கணும். என்கிட்ட இல்ல."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். தீபாவளி வந்து போனது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். ஆயம்மாவுக்கு மட்டும் ஏதோ மூக்கில் வியர்த்தது. கேட்டுப் பார்த்தாள், இருவருமே மழுப்பினார்கள்.

அங்கே ஆட்சி மாறி, ஊரடங்கு தளர்ந்து, ஊர் ஒருவாறு அடங்கியது. பூர்ணிமா திரும்பப் போக வேண்டும் என்றாள். அண்ணன் முடியாது என்றான், அம்மா அழுதாள். ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சு. சுலோசனா ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் மதாம் வோலாவை அழைத்து, நெஞ்சுவலி என்று தான் சொன்னது பொய், பூர்ணிமாவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். "உங்கள் பிரெஞ்சு மிக அழகாக இருந்தது, அதனால்தான் உடனே நம்பிவிட்டேன்" என்றார் மதாம். திட்டினாரா பாராட்டினாரா என்று இன்றுவரை சுலோசனாவுக்குத் தெரியாது.

அம்மாவும் அண்ணனும் கடைசியில் விட்டுக்கொடுக்க, பொங்கல் முடிந்து பூர்ணிமா கிளம்பினாள். இந்த முறை வாசலில் கட்டிப்பிடிக்கவில்லை. காரில் ஏறுவதற்கு முன் சொன்னாள். "எங்க சென்டர்ல வேல செய்யற பொண்ணுங்களுக்கு நர்சிங் சேர பிரெஞ்சு பரீட்சை பாஸ் பண்ணணும். எல்லாரும் அதுலயே ஃபெயில் ஆயிடறாங்க. லீவுல ஒரு மாசம் யாராச்சும் வந்து சொல்லிக்குடுத்தா தேவலன்னு மதாம் தேடறாங்க. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

சுலோசனா மூன்று நாள் அதை மனசுக்குள் போட்டு உருட்டினாள். நாலாம் நாள் செம்மல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"மே மாசம் நான் மடகாஸ்கர் போறேன். ஒரு மாசம். மதாம்கிட்ட பேசிட்டேன்."

செம்மல் கையை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நிறுத்தினான். "என்னாடி திடீர்னு? அங்க நெலம சரியில்ல. வீட்ட யாரு பாத்துப்பா?"

"நீங்க இருக்கீங்க, உங்க பொண்ணு இருக்கா."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"ஒருவாட்டி கேட்டேன். எங்கப்பாவ விட்டுக் கேட்டேன்."

அவனுக்கு அது உடனே நினைவுக்கு வரவில்லை. வந்தபோது அவன் குனிந்து ரசச் சோற்றைப் பிசையத் தொடங்கினான். சுலோசனா அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள்.

போனவள் அங்கே நின்று அந்த மலையூரை நினைத்துப் பார்த்தாள். குளிர், பனிமூட்டம், தன் வகுப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்த ஊர்ப் பெண்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் வரவேற்கப் பூர்ணிமா நிற்பாள். தெருவெல்லாம் அவளுக்குப் பழகியிருக்கும். கடைக்காரர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இது பூர்ணிமாவின் அண்ணி என்றுதான் தன்னை அங்கே எல்லோரும் அறிந்துகொள்வார்கள். இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் மறுபடி அது உள்ளே சுருக்கென்று குத்தியது.