ஃப்ரிட்ஜ் கதவில் முனாஷீ

செவ்வாய்க்கிழமை காலை விசா புல்லட்டின் வந்தது. பார்த்தேன். எங்கள் வரிசை நகரவில்லை... பின்னால் போயிருந்தது.

தெரியாதவர்களுக்கு: கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்த தேதிதான் க்யூவில் நம் இடம். எந்தத் தேதிவரை கூப்பிடுகிறார்கள் என்று மாதம் ஒருமுறை அறிவிப்பார்கள். நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோ ஊரில், எங்கள் அபார்ட்மென்ட்டின் பாதி வீடுகளில் அன்று காபி ஆறிப்போகும். நான் அந்தத் தேதியை டைரியில் குறித்துவைப்பேன். பன்னிரண்டு வருடமாக, ஒரு மாதம் விடாமல். எதற்கு? எழுதினால் நகருமா என்ன?

இந்த வருடம் அவசரம் வேறு. மகள் நிலாவுக்கு நவம்பரில் இருபத்தொரு வயது. அதற்குள் கூப்பிடாவிட்டால் எங்கள் விண்ணப்பத்திலிருந்து அவள் கழன்றுவிடுவாள்; இங்கே தங்கும் உரிமையும் போய்விடும். மூன்று வயதில் என் தோளில் தூங்கியபடி இந்த நாட்டில் வந்து இறங்கியவள்.

மேல்மாடி ரகுவுக்குப் போன் போட்டேன். அவரும் அதே க்யூ. "கவலைப்படாதீங்க சார், அக்டோபர்ல புது வருஷக் கோட்டா, கண்டிப்பா மூவ் ஆகும்" என்றார். எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. பழைய டைரிகளைப் புரட்டினேன். ஐந்து செப்டம்பர்களில் ரகு சொன்னதாக இதே வாக்கியம் — 'கண்டிப்பா' உட்பட.

எரிச்சலோடு தண்ணீர் குடிக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க நிலாவின் ஜப்பானிய வார்த்தை அட்டைகள். காலேஜில் அந்த மொழி படிக்கிறாள். ஓர் அட்டையில் ஆங்கில எழுத்தில் 'முனாஷீ' என்று இருந்தது. அர்த்தம் கேட்டேன்.

நிலா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எம்ப்டி, அப்பா. யூ கீப் டூயிங் சம்திங்... அண்ட் தேர்ஸ் நத்திங் தேர்." கொஞ்சம் யோசித்து, "லைக் யுவர் டைரி" என்றாள்.

வெறுமை, வீண் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள் ஜப்பான்காரர்கள். அவர்களுக்கும் புல்லட்டின் உண்டோ?

கோபம் வந்தது. எல்லாம் உனக்காகத்தானே, நவம்பரில் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

இப்போது தலையைத் தூக்கினாள். தமிழில் பேசினாள்.

"ஜூலையிலேயே ஸ்டூடன்ட் விசாவுக்கு அப்ளை பண்ணிட்டேன்ப்பா. நீங்க தினம் அந்த புல்லட்டின் பேஜையே ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருந்தீங்க... சொல்ல மனசு வரல."

படிப்பு முடிந்தால் அவளும் ஒரு க்யூவில் நிற்க வேண்டும். அந்த க்யூவின் கடைசி ஆளாக, தனியாக. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறாள்.

காத்திருப்பதையே ஒரு வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். வேலையை வேறு யாரோ சத்தமில்லாமல் முடித்துவிடுகிறார்கள்.

அன்று டைரியில் தேதி எழுதவில்லை. 'நிலா விண்ணப்பித்துவிட்டாள்' என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த மாதம் புல்லட்டின் பார்ப்பேனா? அக்டோபரில் கண்டிப்பா நகரும் என்கிறாரே ரகு...