சண்டை நின்ற வருஷம்

என் கணவர் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கல் கிரஷரில் ஆபரேட்டராக இருந்தார். குவாரியிலிருந்து வரும் பாறையை ஜல்லியாக உடைக்கும் இயந்திரத்தின் அருகில் காலையிலிருந்து மாலைவரை நிற்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். நான் பக்கத்து ஊர் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இரண்டே பேர், பேசினாலும் சண்டை போட்டாலும் எங்களுக்குள்தான்.

சண்டை என்றால் பீடிக்காகத்தான். கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. நான் கெஞ்சியிருக்கிறேன், அழுதிருக்கிறேன், பீடிக்கட்டை எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டிருக்கிறேன். ஒருமுறை பத்து நாள் பேசாமல் இருந்தேன். அவர் கோபக்காரர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்பார், பிறகு தெருமுனைக்குப் போய்ப் பிடித்துவிட்டு வருவார். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வருஷம் விடாமல் சொன்னதில் ஒரு பலன் இருந்தது. நாளுக்கு ஒரு கட்டு என்றிருந்தது மூன்று பீடியாகக் குறைந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் விட்டுவிடுவார் என்று நம்பினேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டம் என்று கூப்பிட்டாள். போனோம். கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள். டை கட்டிய ஒருவர் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் புண்ணுக்குப் போடும் அயோடினைச் சில சொட்டு விட்டார். தண்ணீர் பழுப்பாக மாறியது. புகை பிடிக்கிறவர்களுடைய உடம்பு உள்ளே இப்படித்தான் இருக்கிறது, இரும்பில் துரு ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே இருக்கிறது என்றார். பிறகு ஒரு மாத்திரையைப் பொடித்து அதில் போட்டுக் கலக்கினார். கண்ணெதிரே தண்ணீர் தெளிந்தது. ஆன்டி ஆக்சிடன்ட் என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது அங்கேதான்.

நான் படித்தவள்தான். ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் நடத்துகிறவள். டம்ளருக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய மார்பு இப்படித் தெளிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்குகிறவர்கள் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். அதையும் நம்பிக் கிரஷரில் அவரோடு வேலை பார்த்த சிநேகிதருக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். அவரும் பீடி பிடிக்கிறவர், என்னை அண்ணி என்று கூப்பிடுவார்.

காலை நாஷ்டா முடிந்ததும் ஒரு மாத்திரையை நானே அவர் கையில் வைப்பேன். மறுக்காமல் போட்டுக்கொள்வார். இரண்டு மாதம் கழித்துத் துணி துவைக்கும்போது சட்டைப் பையில் முழுக்கட்டு ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"அதான் மாத்திரை போட்டுக்கினு கீறனே, இன்னும் இன்னாமே?" என்று சிரித்தார்.

முன்பு என்றால் அந்தக் கட்டு வாளிக்குப் போயிருக்கும். அன்றைக்கு நான் அதை மாடத்தில் வைத்துவிட்டேன். உள்ளே ஏறுகிற துருவை மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துப் போயிருந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடிப்போம், ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பேசுவோம். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்த வருஷம் எது என்று கேட்டால், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். சொல்லும்போது வாய் கசக்கும்.

மறு வருஷம் மழைக்காலத்தில் இருமல் வந்தது. டீச்சரிடம் சொன்னேன். உள்ளே இருக்கிற கசடு வெளியே வருகிறது, மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், இரண்டாகக் கொடு என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, கூட்டத்தில் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டிலும் எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டாகக் கொடுத்தேன். ஐந்து மாதம் அப்படியே போயிற்று. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. கிரஷர் தூசு, வெயில், வேலை அதிகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். பங்குனியில் ஒருநாள் காலை பல் துலக்கும்போது இருமினார். கிணற்றடிக் கல்லில் ரத்தம் விழுந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் புற்றுநோய். முற்றிவிட்டிருந்தது. வயதான டாக்டர் ஒருவர், இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதில் இருந்ததை முழுக்கப் படித்தார். இதை யார் கொடுத்தது என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "நானே வாங்கினது சார். டீக்கடையில ஒர்த்தர் சொன்னாரு. இவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா, நான் கேக்கல."

டாக்டர் திட்டவில்லை. இந்தச் சத்தெல்லாம் உடம்புக்கு வேண்டியதுதான், கீரையிலும் காயிலும் பழத்திலும் கிடைப்பது போதும் என்றார். மாத்திரையாகப் போட்டுக்கொண்டால் பீடி செய்கிற கெடுதலை அது தடுக்காது. இதில் சேர்த்திருக்கிற கேரட் சத்தை அளவுக்கு மீறி எடுத்தால், புகை பிடிக்கிறவர்களுக்குக் கெடுதலே அதிகம் என்றும் தெரிய வந்திருக்கிறது என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதனாலதான் வந்ததுன்னு நான் சொல்லலம்மா. இத்தனை வருஷ பீடி இருக்கு, கல்லுத்தூள் இருக்கு. ஆனா இருமல் ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும்."

பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். டாக்டரிடம் ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். எதிரில் ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு உன்ன ஒரு வார்த்த கேட்டுட்டா, அத நீ சாவற வரிக்கும் சொமந்துக்கினு இருப்ப," என்றார். பிறகு சொன்னார், "அந்த மாத்திரையில ஒன்னும் இல்லன்னு எனக்கு மொதல்லயே தோணிச்சு. ஆனா அத போட ஆரம்பிச்சதுலேந்து நீ சண்ட போடல. எனக்கு அது நல்லா இருந்திச்சி. அதான் போட்டேன்."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பஸ் வந்தது. ஜன்னல் ஓர சீட்டை எனக்கு விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆடி முடிவதற்குள் போய்விட்டார். டீச்சர் வந்து என் மடியில் விழுந்து அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையில் எடுத்து வைத்தவள் நான்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டு நேரமாகப் பார்த்துக் கிரஷருக்குப் போனேன். அவருடைய சிநேகிதர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து நின்றார். தெரியாமல் அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டேன், அது பீடிக்குக் காவல் இல்லை, பீடியைத்தான் விட வேண்டும் என்று சொன்னேன். அண்ணன் போன பிறகு இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன் அண்ணி, முடியவில்லை என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த வாரமே அவரையும் அவர் மனைவியையும் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகும் நான் விடவில்லை. சந்தையில் பார்த்தாலும் கேட்பேன், கோயிலில் பார்த்தாலும் கேட்பேன். என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன நாட்களும் உண்டு. அவர் மனைவிக்கும் ஒருகட்டத்தில் என்மேல் வருத்தம். இந்த அக்கா எதற்கு எங்கள் வீட்டு விஷயத்தில் தலையிடுகிறாள் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள்.

மூன்று வருஷம் ஆயிற்று. விட்டார், மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார். ஒரு தைமாதம் அவர் மனைவியே பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஏழு மாதமாக அவர் தொடவில்லை அக்கா என்று சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு நானும் கிளம்பினேன். இதைப் போய் என் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. அங்கேயே வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.