ஒர்க் அவுட் ஆகலைங்க

கல்லூரியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறவள் நான். ‘ஒர்க் அவுட்’ ஆவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், ஒரு காரியம் நல்லபடியாகக் கூடிவருவது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். கோயமுத்தூரில் அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது என் தங்கையின் கல்யாணப் பேச்சில்தான் தெரிந்தது. தூ!

மாப்பிள்ளைக்குச் சூலூர்ப் பக்கம். உப்பு சர்க்கரை மாற்றியாகிவிட்டது. எங்கள் ஊர்களில் அது சும்மா சடங்கு இல்லை. சொந்தபந்தம் கூடியிருக்க, இரண்டு வீடும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது, தாலி ஒன்றுதான் பாக்கி. அதற்கப்புறம் கலைந்தால் பெண்ணைத்தான் ஊர் மேலும் கீழும் பார்க்கும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று என் தங்கை வேலையைக்கூட விட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கையில் ஆப்பிள் பை வேறு. பலகாரம் தின்று, காப்பி குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க. இது ஒர்க் அவுட் ஆகலைங்க.”

யாருக்கு ஆகவில்லை? எதனால் ஆகவில்லை? ஒன்றும் கிடையாது. என்னவோ வைத்த பால் தானாகத் திரிந்துபோன மாதிரி ஒரு முகம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரரின் ஒரே பெண்ணை இவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது எங்கள் காதுக்கும் அரசல்புரசலாக வந்திருந்தது. அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. இதைச் சொல்ல மட்டும் கூசவே இல்லை.

தங்கை உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

“எங்கிட்ட என்ன கொறைன்னு சொல்லிப்போட்டுப் போங்க அத்தை. கொறை இல்லைன்னா, அதையாவது நாலு பேருகிட்டச் சொல்லுங்க.”

“உங்கிட்ட ஒரு கொறையும் இல்ல கண்ணு. ஒர்க் அவுட் ஆகலை, அவ்வளவுதான்” என்று அந்த அம்மா சிரித்தார்.

அந்தக் ‘கண்ணு’ ஒன்றுதான் குறைச்சல்! அது போதாதென்று என் அப்பா, “அதனாலென்னுங்க, இருந்து சாப்பிட்டுப் போங்க” என்கிறார்! மரியாதையாம். மானங்கெட்ட மரியாதை. அவர்களும் உட்கார்ந்தார்கள். சாம்பார், ரசம், தயிர் என்று ஒன்றையும் விடாமல் வாங்கிச் சாப்பிட்டார்கள். ரசம் நன்றாக இருக்கிறதென்று எங்கள் அம்மாவிடம் சொன்னார்கள். அந்த எச்சில் இலைகளைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் காரமடையிலிருந்து பெரியம்மா போன் செய்தார். கையெல்லாம் மாவு என்று ஸ்பீக்கரில் போட்டேன். தங்கை பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனம்மணி, அவிங்க காரணமே சொல்ல மாட்டேங்கறாங்களாம். உப்பு சக்கரை மாத்துனது சும்மா நிக்குமா? எங்கிட்ட மறைக்காதே. புள்ளைக்குக் கர்ப்பப்பையில ஏதாச்சும் கோளாறா?”