டவர் இல்லாத ஊரில் மூன்று நாள்

திருச்செங்கோட்டில் ரிக் வண்டித் தொழிலில் இருப்பவர்களுக்கு வெள்ளியங்கிரியை முகத்தைவிடக் குரலால்தான் அதிகம் தெரியும். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டிகள் ஒன்பதுக்கு அவர் மேனேஜர். வண்டிகள் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் கர்நாடகத்திலும் நிற்கும். அவர் ஈரோடு ரோட்டில் ஓர் அறைக்குள் உட்கார்ந்தபடி அத்தனையையும் ஓட்டுவார். எந்த வண்டி எந்த ஊருக்குப் போவது, டீசல் எங்கே அடிப்பது, பாறையில் மாட்டிக்கொண்ட பைப்பை எப்படி உருவுவது, இந்தி தெரியாத டிரைவருக்காகச் செக்போஸ்ட்டில் யார் பேசுவது, எல்லாம் அவர் வாய்வழியாகத்தான். இருபத்திரண்டு வருடம் இப்படியே போயிற்று. மகள் தனப்பிரியாவின் கல்யாணத்தில் அவர் அட்சதையை இடது கையால் போட்டார் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வலது கையில் போன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மகள் காதில் மாட்டுகிற புளூடூத் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கைக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் அவர் எப்போது போனில் பேசுகிறார், எப்போது வீட்டில் இருப்பவர்களிடம் பேசுகிறார் என்பது பிறகு யாருக்கும் பிடிபடவில்லை.

மனைவி செல்லியம்மாள் எதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் இல்லை. வெகுநாளாக அவள் கேட்டுவந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்க, ஒரு மூணு நாளு எங்கியாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க. கோயிலு கொளம்னு இல்ல. அந்தப் போனு அடிக்காத ஊரா இருந்தாப் போதும்."

"போலாம் போலாம், சீசன் முடியட்டும்" என்பார். சீசன் முடியாது.

தை மாதம் ஆபீசில் எழுந்தவர் தலை சுற்றி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். இரத்தக் கொதிப்பு. கொஞ்ச நாளைக்குப் போனைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். தனப்பிரியா சங்ககிரியிலிருந்து பஸ் ஏறி வந்து அப்பாவின் இரண்டு போனையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"கெங்கவல்லி தாண்டிப் பச்சைமலை மேல ஒரு ஊரு இருக்குதுப்பா. எங்க ஆபீஸ்ல போயிட்டு வந்தாங்க. சுத்தமா டவரே கெடையாதாமா. அம்மாளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க."

மலைமேல் ஆண்டி, ராசம்மாள் என்று ஒரு தம்பதி. மரவள்ளிக் காட்டை ஒட்டித் தங்கள் வீட்டோடு இன்னொரு அறை கட்டி, வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். சோறு ராசம்மாள் கையால்.

முதல் நாள் வெள்ளியங்கிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. இல்லாத மணி காதில் அடித்தது. பாறை ஒன்றின் மேல் ஏறி நின்றவரைப் பார்த்து ஆண்டி சிரித்தார்.

"அங்க நின்னாலும் கிடைக்காது சார். இங்க போன் வச்சிருக்கவங்களே கீழ இறங்கித்தான் பேசுவாங்க. நாங்க வச்சிக்கவே இல்ல."

மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினார். எழுந்தபோது உடம்பு கழுவிவிட்டதுபோல் இருந்தது. மனைவியோடு காட்டுப் பாதையில் நடந்தார். செல்லியம்மாள் இவ்வளவு பேசுவாள் என்று அவருக்கு மறந்தே போயிருந்தது. ஸ்கூட்டர் ஓட்டப் பழகி, கிழக்கு வீதி முக்கில் ஒருமுறை விழுந்து, வேண்டாமென்று விட்டுவிட்டாளாம்.

"எப்பப் புள்ள?"

"போன வருசத்துக்கு முந்தின வருசம். முட்டியில கட்டோட உங்களுக்குச் சோறு போட்டனே. நீங்க ராய்ப்பூர் வண்டிக்குப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவரும் சிரித்தார். மத்தியானம் அவளும் ராசம்மாளும் கிழங்குத் தோல் உரித்தபடி ஏதேதோ பேசிக்கொண்டிருந்ததை அவர் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு பகல் வாய்த்ததாக அவருக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் காலை குழாயடியில் குடத்தைத் தூக்கப் போன செல்லியம்மாள் சட்டென்று கீழே வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கையில என்ன?"

"அதேதானுங்க."

"எது?"

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். "கட்டிதான். மார்ல இருக்குதுன்னு வைகாசியிலயே சொன்னனில்லீங்க? இப்பக் கக்கத்துலயும் ஒண்ணு வந்திருக்குது. அதுதான் கையத் தூக்க முடியறதில்ல."

"என்கிட்டச் சொன்னயா?"

"உங்ககிட்டத்தான். நீங்க சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒண்ணும் பயப்படாத, தன்னால சரியாப் போயிரும், அப்பிடியே உட்டுருன்னீங்க. நானும் நீங்களே சொல்லீட்டீங்களேன்னு உட்டுட்டேன்."

வெள்ளியங்கிரிக்கு அந்த நாள் ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தைகளை அவருக்கு நன்றாகத் தெரியும். கம்ப்ரசரில் சத்தம் வருகிறது என்று பதறும் டிரைவர்களிடம் நாளைக்குப் பத்து முறை சொல்லுகிற வார்த்தைகள். அந்த நேரத்தில் காதில் எவனோ இருந்திருக்கிறான். பதில் அவனுக்குப் போனது. எதிரே தட்டில் குழம்பு ஊற்றியவள் அது தனக்கென்று எடுத்துக்கொண்டாள். எட்டு மாதம்.

அவர் அதை அங்கே சொல்லவில்லை. "கெளம்பு, இப்பவே போலாம்" என்று மட்டும் சொன்னார். கீழே இறங்கிய ஜீப்பில் அவள், "இன்னுமொரு நாளு இருந்திருக்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சேலத்தில் பெரிய டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். மார்பிலிருந்த புற்று நுரையீரலுக்கும் பரவியிருந்தது.

"ஏம்மா, ஆரம்பத்துலயே வந்திருக்கலாமே?"

வெள்ளியங்கிரி வாயைத் திறப்பதற்குள் செல்லியம்மாள் முந்திக்கொண்டாள். "நாந்தானுங்க அசட்டையா இருந்துட்டேன்."

பங்குனியில் அவர் வேலையை விட்டார். முதலாளி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் அவளோடு அலைந்தார். கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். முடி கொட்டிய தலைக்கு அவரே துணி கட்டிவிட்டார். பக்கத்திலேயே இருந்தும் அந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியாமல் நாட்கள் போயின. நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பார்க்க வந்தவர்கள் புகழும்போதெல்லாம் அவருக்கு அங்கிருந்து எழுந்து ஓடலாம்போல் இருந்தது.

ஆடியில் ஒரு மத்தியானம், அவள் கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, சொல்லிவிட்டார்.

"செல்லி, வைகாசியில நீ சொன்னது என் காதுலயே உழுகலை. நான் உங்கிட்டப் பேசலை. எவனோ டிரைவருகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார். அழவில்லை.

"அப்ப அந்த வண்டியாச்சும் சரியாப் போச்சுங்களா?"

"எந்த வண்டின்னே நெனவில்ல புள்ள."

அன்று அவள் வேறொன்றும் பேசவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில்தான், "தண்ணி குடுங்க" என்றாள். அவர் டம்ளரை வாயில் வைத்துப் பிடித்தார். குடித்து முடித்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது மன்னிப்பா, பிடிமானத்துக்குப் பிடித்ததா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு முற்பகலில், மகள் தலைமாட்டில் இருக்க, செல்லியம்மாள் போய்விட்டாள்.

செய்தியை மருமகன் போனில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். போட்டோ, ஊர், எடுக்கும் நேரம் எல்லாம் அதில் இருந்தது. நாமக்கல்லிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சொந்தங்கள் தாமாக வந்து சேர்ந்தன. வெள்ளியங்கிரி யாருக்கும் எதுவும் சொல்லவேண்டி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ராசம்மாளுக்குத் தெரியாது.

"எங்கப்பா கெளம்பறீங்க?" என்றாள் தனப்பிரியா.

"மலைக்குப் போயிட்டு வாரேன் சாமி. அவங்ககிட்டச் சொல்லோணும். நேர்ல போனாத்தான் சொல்ல முடியும்."

சேலம், ஆத்தூர், கெங்கவல்லி என்று பஸ் மாறி, ஜீப்பில் மேலே போய் இறங்கியபோது பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. வாசலில் தானியம் காயவைத்திருந்த ராசம்மாள் அவரைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க சார், வாங்க." அவள் கண் அவரைத் தாண்டி ஜீப்புக்குப் போயிற்று. "அக்கா எங்க, மெதுவா இறங்குறாங்களா?"

அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்வது அதுதான் முதல் முறை.

"அவ செத்துப் போயிட்டாம்மா."

ராசம்மாள் காயப்போட்ட தானியத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் கைவைத்துச் சத்தம் போட்டு அழுதாள். மூன்றே நாள் பழகியவள். சாவு வீட்டில் ஆண்கள் பக்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி, இங்கே அவளுக்கு எதிரே தரையில் குந்தி உடைந்து அழுதார். அழுகைக்கு நடுவே வைகாசியில் நடந்ததைச் சொன்னார். மகளிடம்கூடச் சொல்லாதது அது. ராசம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்றோ, உங்கள் மேல் தப்பில்லை என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழே போகும் கடைசி ஜீப் ஆரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஆண்டி போய், "நீ கிளம்பு, அவர் வரல" என்று சொல்லி அதை அனுப்பிவிட்டு வந்தார்.