உதைத்துப் பார்த்தால் தெரியுமா பிரஷர்?

உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்வீர்களா, இல்லை இந்த டயர்க்கடைக்காரரைப் போல நெஞ்சை நிமிர்த்துவீர்களா?

டயரை உதைத்துப் பார்த்து, "காத்து சரியா இருக்கு" என்று சொல்லும் ஓட்டுநர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் கால் என்ன மீட்டரா?" என்று கத்துவார். அவருடைய அப்பாவை ஐம்பது வயதில் பக்கவாதம் சாய்த்தது. இவருக்கும் ஐம்பது நெருங்கியது. வாயில் எந்நேரமும் சிகரெட். பயந்துபோன மனைவி அவரை மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள்.

"தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. எனக்கு ஏது பிரஷர்?" என்றார்.

"உதைச்சுப் பாத்துட்டீங்களாக்கும்!" என்றாள் மனைவி.

நர்ஸ் அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி அளந்தாள். மேல் அளவு நூற்றெண்பது.

"லாரி டயருக்கே அவ்வளவு வைக்க மாட்டேனேம்மா! கொஞ்சம் காத்தை இறக்கி விடேன்," என்று பதறினார்.

"உங்களுக்கு வால்வு வைக்கலண்ணே. மாத்திரை தர்றோம். சிகரெட்டை விடுங்க. சர்க்கரையும் பாத்துடலாம்," என்றாள் நர்ஸ்.

அவருக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பாவுக்கு நடந்ததை விதி என்றே இத்தனை காலம் சொல்லிவந்தார். அந்த மனிதரின் கையில் ஒருநாளும் யாரும் பட்டை சுற்றியதில்லை.

விதியைப் பிறகு திட்டிக்கொள்ளலாம். இந்த வாரமே போய்க் கையை நீட்டுங்கள்.