அக்கா சார்ஜ் போட்ட ரூம் பிரஷ்னர்

ஜனவரிப் பனியில் இங்கே பெண்கள் கழிப்பறையில் தர்ப்பூசணி மணக்கும். இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரின் பள்ளியில் ஒன்பது வருடங்களாகத் துப்புரவு வேலை செய்கிறேன். முதன்முதலில் டிஷ்யூ பெட்டிக்குள் ரோஸ் நிறத்தில் ஒன்றைக் கண்டெடுத்தபோது, யாரோ பிள்ளை தொலைத்த பேனா என்று அலுவலகத்தில் கொடுத்தேன். "இதைத் தேடி யாரும் வரமாட்டார்கள்" என்று அங்கிருந்த அம்மாள் சிரித்தார். மலிவான பேனா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது வேப் என்கிற மின் சிகரெட் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் எடுத்த இடத்தைக் குறித்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் போட்டுவிடுவேன். யாருடையது என்று கேட்பது என் வேலை இல்லை.

போன ஆகஸ்டில் ஸ்ரீரங்கத்துக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ குடுத்த ரூம் பிரஷ்னர்தாண்டி. யாழினி சொன்னா. டெய்லி நான்தான் ஞாபகமா சார்ஜ் போடறேன். அவ ரூமே மணக்குது" என்றாள் அக்கா.

யாழினி அவள் மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். போன முறை வந்தபோது நான் கொடுத்தது சாக்லேட்டும் இரண்டு சோப்பும்தான்.

மறுநாள் அவளும் நானும் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"எங்க செட்ல ஆறு பேரு சித்தி. எல்லாருக்கும் சேத்து ஒண்ணுதான். ஒருத்தியோட அண்ணன் வாங்கித் தருவான். பேகை செக் பண்ண வந்தா லஞ்ச் பையில கை மாறிடும். வீட்ல வச்சுக்கத்தான் அவளுங்களுக்குப் பயம். எங்க வீட்ல அம்மாவே சார்ஜ் போட்டுத் தராங்க."

"இங்க விக்கவே தடையாச்சே. அம்மாகிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. மாப் புடிச்சிட்டு நிக்கற போட்டோ உங்க போன்ல பாத்தேன். நீங்க ஆபீஸ்லதான வேலை பாக்கறீங்க?"

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது என் போனைப் பைக்குள் போட்டு மூடினேன். ஸ்கூலில் வேலை என்று நான் சொன்னதை அக்காதான் அலுவலக வேலை என்று எடுத்துக்கொண்டாள். காட்டூரில் இருக்கும் உறவுகளிடமும் அப்படியே சொல்லிவைத்தாள். நான் திருத்தவில்லை.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் அக்கா அதை முந்தானையால் துடைத்துவிட்டு வயரில் செருகினாள். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாழினியும் அங்கேதான் இருந்தாள். சொல்லிவிட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க கக்கூஸ் கழுவறப்ப தினம் எடுக்கறேன்க்கா."

அக்கா மகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ஒம்போது வருஷமாவா?"

"முதல்ல அவளைக் கேளுக்கா."

"அவளை அப்புறம் கேக்கறேன். நீ ஏன்டி சொல்லல?"

அன்று எங்கள் இருவருக்கும் ஒரே திட்டு. என் பொய்க்குப் பின்னால் யாழினியின் பொய் பாதி மறைந்துகொண்டதோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

இப்போது தினமும் என் மதிய வேளையில் அக்கா போன் செய்கிறாள். அங்கே யாழினி பள்ளி விட்டு வந்திருப்பாள். "இன்னிக்கு இழுத்தியாடி?" என்று அவளைக் கேட்பது எனக்குக் கேட்கும். "இல்லம்மா" என்பாள். நம்புவதா என்று தெரியாது. அடுத்தது என் முறை. "நீ சொல்லு, எங்க நிக்கற?"

நேற்று அக்கா கேட்டபோது இரண்டாம் மாடியில் பெண்கள் கழிப்பறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே ஒரு கதவு தாழிட்டிருந்தது. நான் போகட்டும் என்று உள்ளே ஒருத்தி சத்தமில்லாமல் காத்திருந்தாள். போனில் யாழினி இருமுவது கேட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கதவை மெதுவாகத் தட்டினேன்.