வராளிக்காகக் கட்டிய மெட்டு

1986ஆம் ஆண்டின் வசந்த காலம். ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில், அகதிகளுக்கென்று ஒதுக்கிய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் நானும் கணவரும் குடியிருந்தோம். எங்கள் அகதி விண்ணப்ப வழக்கு முடியாததால் வேலை செய்ய அனுமதியில்லை. நகர எல்லையைத் தாண்டவும் கூடாது. அதற்கு முன் கொழும்பில் வீணை கற்பித்துக்கொண்டிருந்தவள் நான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டோடு வீணையும் எரிந்தது. அதன்பிறகு எதையும் வாசிக்கவில்லை. பாடவும் மனம் வரவில்லை.

பொழுது போகாமல், பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் பெண்கள் கூடித் தைக்கும் இடத்துக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு கிரேக்கப் பெண் பழக்கமானாள். அவளுடைய கணவர் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஓய்வு நேரத்தில் வீட்டு நிலவறையில் வாத்தியங்கள் செய்வார். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, நீண்ட கழுத்தும் சின்னக் குடமுமாக ஒன்று சுவரில் தொங்கியது. பெயரைக் கேட்டேன். "தம்புராஸ்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களிடமும் தம்புரா இருக்கிறது, ஆனால் சுருதிக்கு மட்டும்தான் மீட்டுவோம் என்று தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவர் அதைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

வீணையில், விரல் வைத்து வாசிக்கும் பித்தளை மெட்டுகள் மெழுகில் அசையாமல் பதிந்திருக்கும். இதிலோ நைலான் நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி மெட்டு வைத்திருந்தார்கள். தள்ளினால் நகரும். அதோடு, வீணையில் இருக்கும் மெட்டுகளுக்கு இடைப்பட்ட நுண்ணிய சுவரங்களுக்கும் தனித்தனி மெட்டு இருந்தது. ஒன்றில் விரல் வைத்து மீட்டியதும் உடம்பு சிலிர்த்தது. வீணையில் தந்தியை இழுத்துத்தான் பிடிக்க வேண்டிய சுவரம், இங்கே தொட்டவுடன் பேசியது.

வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கணவர், "உமக்கெண்டு ஒண்டு செய்து தரச் சொல்லிக் கேளுமன்" என்றார்.

"எங்களிட்ட என்ன இருக்கெண்டு கேக்கிறது?"

"ஏன், உமக்குத் தையல் தெரியுந்தானே."

கணவர் சொன்னபடியே நடந்தது. அந்த ஊர்க் கிரேக்கர்களின் பெண்பிள்ளைகள் ஆடும் நடனக் குழுவுக்கு மடிப்பு வைத்த பாவாடைகள் தேவைப்பட்டன. அவற்றை நான் தைப்பது, பதிலுக்கு அந்தக் கிரேக்கப் பெண்ணின் கணவர் எனக்கொரு தம்புராஸ் செய்வது என்று பேசிக்கொண்டோம். என் கையைக் காகிதத்தில் விரித்து வைக்கச் சொல்லி அளவெடுத்தார். தந்தியை இழுத்து வாசிப்பவள் என்பதால் கழுத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக்கினார்.

மெட்டுக் கட்டும் நாள் வந்ததும் கூப்பிட்டனுப்பினார். "நீங்கள் பாடுங்கோ, நான் கட்டுறன்" என்றார்.

பாட வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. வாய் திறந்தேன், சட்ஜமே உடைந்துபோய் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். மெல்ல மெல்லக் குரல் திரும்பியது. ஒவ்வொரு ராகமாகப் பாடப் பாட அவர் நரம்பை நகர்த்திக் கட்டினார். கடைசியாக வராளி. அந்த ராகத்தின் மத்திமம், அதாவது 'ம', அடுத்த சுவரமான பஞ்சமத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"இன்னும் மேலே" என்றேன். நகர்த்தினார். "இன்னும்." மெட்டு பஞ்சம மெட்டை உரசுகிற மாதிரிப் போய்விட்டது. அவர் சந்தேகமாக என்னைப் பார்த்தார். தன் கண்ணை மூடிக்கொண்டு என்னை மறுபடி பாடச் சொன்னார். கேட்டுவிட்டு, அங்கேயே இறுக்கி முடிந்தார்.

இலையுதிர் காலத்தில் அதே தேவாலய மண்டபத்தில் கிரேக்கர்களின் விழா. நான் தைத்த பாவாடைகளோடு பிள்ளைகள் ஆடினார்கள். என்னையும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த புசூக்கிக் கலைஞர் ஒருவர் என் தம்புராஸை எடுத்துப் பார்த்தார். புசூக்கி என்பது நகராத உலோக மெட்டு வைத்த கிரேக்க வாத்தியம். "இதைக் கட்டினவருக்குக் கண் தெரியாதோ? ரெண்டு மெட்டும் ஒட்டிக்கொண்டு கிடக்குது" என்று ஜேர்மனில் சொல்லிச் சிரித்துவிட்டு, வராளி மெட்டை நகத்தால் கீழே தள்ளப் போனார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ, அவர் கையைப் பிடித்துவிட்டேன். "தொடாதேங்கோ!" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஜேர்மனில், "அது பிழையில்லை. நான் சொல்லித்தான் அங்கே கட்டினது" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்புராஸைச் செய்தவர் சமையலறைப் பக்கமிருந்து வந்தார். எனக்காக வாதாடுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு கதிரையை இழுத்து மேடை நடுவில் போட்டுவிட்டு, "வாசியுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

முதல் இரண்டு மீட்டு தடுமாறியது. அதற்குப் பிறகு வராளி என்னைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த மத்திமத்தில் வந்து நின்றபோது மண்டபத்தில் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் அடங்கியிருந்தது. சுவரோரம் நின்ற கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அந்தப் புசூக்கிக் கலைஞர் கிட்ட வந்து, அந்த ஒரு சுவரத்தை மறுபடி மீட்டச் சொன்னார். தானும் முணுமுணுத்துப் பார்த்தார். தன் வாத்தியத்தில் தேடினார், அகப்படவில்லை. பிறகு செய்தவரிடம், தனக்கும் இப்படியொரு மெட்டோடு ஒன்று செய்து தர ஏலுமா என்று கேட்டார்.

"அதை அவவிட்டக் கேள். நான் மரத்துக்குத்தான் சொந்தக்காரன். அந்த மெட்டு அவவின்ர" என்று அவர் எனக்கும் விளங்கும்படி ஜேர்மனிலேயே சொன்னார்.

நான் யார், ஏன் வந்தேன் என்று கேட்ட அதிகாரிகளுக்கெல்லாம் குனிந்து குனிந்து அத்தாட்சி காட்டிக்கொண்டிருந்த காலத்தில், அன்று ஒரு கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்துப் பதில் சொன்னேன். அந்த நிமிர்வு இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.